நிகழ்வு ஆய்வு: லுங்கிக்கு எதிராகக் கிளம்பிய கட்சிக்கு மும்பை சூட்டிய பெயர்கள்

தாராவியில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் சிவசேனா என்ன மாதிரிக் கட்சி என்று கேட்டால், ‘நம்மள அடிச்ச கட்சி’ என்பார்கள். அவர்கள் பிள்ளைகளில் ஒரு சாரார் ‘இந்துக் கட்சி’ என்பார்கள். தோல் தொழிலுக்காக நெல்லைச் சீமையிலிருந்து வந்து அதே தெருவில் குடியிருக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கு அந்தக் கட்சியின் பெயரே 1993 ஜனவரிக் கலவரம்தான். பேரப்பிள்ளைகளைக் கேட்டால், பள்ளிக்கூட சீட்டுக்கும் தண்ணீர்க் குழாய்ப் பிரச்சினைக்கும் போய் நிற்கிற ‘சாக்கா ஆபீஸ்’, அதாவது கட்சியின் கிளை அலுவலகம். நாலு பதிலும் உண்மை. ஆனால் சென்னையிலிருந்து எழுதும் செய்தியில் இந்தக் கட்சிக்கு ஒரே ஓர் அடைமொழிதான் கிடைக்கும்: ‘தீவிர வலதுசாரி’ அல்லது ‘மண்ணின் மைந்தர் கட்சி’.

வெளியிலிருந்து வருபவர்களை எதிர்த்து அரசியல் செய்யும் கட்சிகளுக்கு அடைமொழி எப்படி ஒட்டுகிறது, எப்போது உரிகிறது, எங்கே தவறாகிறது என்பதைப் பார்க்க மும்பையைவிட நல்ல களம் இந்தியாவில் இல்லை. இங்கே எதிர்க்கப்பட்டவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் தமிழர்கள். கட்சியும் சுமார் அறுபது ஆண்டு வாழ்ந்து, உடைந்து, எதிரியை மாற்றி, கூட்டாளியையும் மாற்றியிருக்கிறது.

முதல் முத்திரை யார் மேல் விழுந்தது

கட்சிக்குப் பெயர் வருமுன்பே நமக்குப் பெயர் வந்துவிட்டது. பின்னாளில் சிவசேனாவை நிறுவிய பால் தாக்கரே 1960இல் ‘மார்மிக்’ என்ற மராத்திக் கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். அந்த ஆண்டு மே 1ஆம் தேதிதான் மகாராஷ்டிரம் தனி மாநிலமானது. பம்பாயை உள்ளடக்கிய மாநிலத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் கொடுத்திருந்தார்கள். மாநிலம் கிடைத்தது. ஆனால் நகரத்தின் ஆலைகளும் மொத்த வியாபாரமும் குஜராத்தியர், பார்சி, மார்வாடி கையில் இருந்தன. அலுவலக மேசைகளில் தென்னிந்தியர் நிறைய இருந்தார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கின்படி நகரத்தில் மராத்தி தாய்மொழியாளர் பாதிக்கும் குறைவு.

‘மார்மிக்’ கையாண்ட முறை எளிமையானது. ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வது, தொலைபேசிப் புத்தகத்திலும் நிறுவனப் பட்டியல்களிலும் இருக்கும் அதிகாரிகள் பெயரை வரிசையாக அச்சிடுவது, மேலே ‘வாசா ஆணி தண்ட பசா’ என்று தலைப்பு வைப்பது. படியுங்கள், படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள் என்று பொருள். பின்னாளில் அதுவே ‘வாசா ஆணி உட்டா’ ஆயிற்று: படியுங்கள், எழுந்திருங்கள். விளக்கக் கட்டுரை தேவைப்படவில்லை. ஐயர், நாயர், மேனன், ராவ், ஷெட்டி என்று பெயர்கள் முடிவதே போதுமானதாக இருந்தது.

அந்தப் பட்டியலில் இருந்த ஓட்டைகளை இன்றும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இப்போதும் இதே முறைதான் பல மாநிலங்களில் கையாளப்படுகிறது. பட்டியலில் மேலே இருக்கும் எண் உண்டு, கீழே இருக்க வேண்டிய எண் கிடையாது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மராத்தியர், அந்த வேலைக்கு என்ன தகுதி கேட்டார்கள் என்பது எதுவும் இல்லை. சென்னை மாகாணத்துப் பையன்கள் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் முடித்து, சுருக்கெழுத்தும் ஆங்கிலமும் கற்று ரயிலேறியவர்கள். கம்பெனிகள் கேட்டது அதைத்தான். இரண்டாவது ஓட்டை, பெயரை வைத்து மொழியைச் சொல்வது. குல்கர்ணி கர்நாடகத்திலும் உண்டு, மகாராஷ்டிரத்திலும் உண்டு. மூன்றாவது, எந்த நிறுவனத்தை எடுப்பது என்பதை ஆசிரியரே தீர்மானித்தார். பட்டியல் பொய் என்று சொல்லவில்லை. பெயர்கள் நிஜம், மராத்தி இளைஞர்களின் வேலையின்மையும் நிஜம். அந்த வேதனையைத் தள்ளிவிட்டு எழுதப்படும் எந்த ஆய்வும் பாதிதான். ஆனால் நிஜமான பெயர்களை வைத்தே தவறான ஒரு விகிதத்தை வாசகர் மனதில் பதிக்க முடியும் என்பதை இந்தப் பட்டியல் காட்டிவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் 1966 ஜூன் 19 அன்று சிவசேனா பிறந்தது. அக்டோபர் 30 அன்று சிவாஜி பார்க்கில் முதல் தசரா கூட்டம். வேலையில் 80 சதவீதம் மராத்தியருக்கு என்பது கோரிக்கை. ‘பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி’ என்பது கோஷம்: ஊதலை ஊது, லுங்கியை விரட்டு. ‘மதராசி’, ‘யண்டுகுண்டு’ என்பவை நமக்கு ஒட்டிய பெயர்கள். நம் பேச்சின் ஓசையைக் கிண்டல் செய்ய உருவான இரண்டாவது சொல் எந்தத் தென்மொழியிலும் இல்லாதது.

அடி விழுந்தது வேறு முதுகில்

கோபம் ஸ்டெனோகிராபர் மீது. அவர் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அடுக்ககத்தில், சொந்தச் சனங்களுக்கு நடுவே இருந்தார். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது தெருவோர உடுப்பி ஓட்டல். அதை நடத்தியவர் தமிழரே அல்ல, தென்கன்னடத்துத் துளுக்காரர். அவர் எந்த மராத்தியரின் குமாஸ்தா வேலையையும் எடுக்கவில்லை. இருந்தும் அறுபதுகளின் பிற்பகுதியில் கல்லடி பட்டது அவர் கடைதான். 1969 பிப்ரவரியில் கன்னட மாநிலத்தோடு இருந்த பெல்காம் எல்லைத் தகராறை வைத்துக் கலவரம் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அப்போது காரணம் கன்னடம். முந்தைய முறை காரணம் ‘மதராசி’. கடை ஒன்றேதான்.

நான்கு மொழிக்காரரை ஒரே சொல்லில் கட்டிவிட்டால், பட்டியலில் இருப்பவருக்குப் பதில் பக்கத்தில் இருப்பவரை அடிக்க வசதியாகிவிடுகிறது. அந்த நாட்களைப் பற்றி எழுதும் தமிழ்க் கட்டுரைகள் ‘தமிழர்கள் தாக்கப்பட்டார்கள்’ என்று மட்டும் சொன்னால், அவையும் அதே சொல்லின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு துளு, கன்னட, மலையாளக் குடும்பங்களை மறைத்துவிடுகின்றன. 1967 நாடாளுமன்றத் தேர்தலில் பம்பாய் வடகிழக்கில் வி. கே. கிருஷ்ண மேனனுக்கு எதிராகச் சேனா வேலை செய்தது. அவர் மலையாளி, முந்தைய இரண்டு தேர்தலிலும் பம்பாயில் வென்றவர், பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். காங்கிரஸ் சீட்டு மறுத்ததால் சுயேச்சையாக நின்றார். எஸ். ஜி. பார்வேயிடம் தோற்றார். பார்வே இறந்து நடந்த இடைத்தேர்தலில் அவருடைய சகோதரி தாரா சப்ரேயிடமும் தோற்றார். ‘வெளியாள்’ என்ற சொல் வாக்காக மாறும் என்பதற்குப் பம்பாய் கண்ட முதல் பெரிய சான்று அது.

சேனாவுக்கு ஒட்டிய பெயர்கள்

தன்னைப் பற்றிச் சேனா சொன்னது: 80 சதவீதம் சமூகப் பணி, 20 சதவீதம் அரசியல். கம்யூனிஸ்டுகள் சொன்னது: பாசிஸ்டுகள். அதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூன் மாதம் கொலையானார். சேனாக்காரர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. இடைத்தேர்தலில் அவருடைய மனைவி சரோஜினி தேசாயைத் தோற்கடித்து வாமன்ராவ் மகாடிக் சேனாவின் முதல் சட்டமன்ற உறுப்பினரானார். அரசியல் வட்டாரம் வைத்த இன்னொரு பெயர் ‘வசந்தசேனா’. முதலமைச்சர் வசந்தராவ் நாயக்கின் காங்கிரஸ், சிவப்புத் தொழிற்சங்கங்களை உடைக்கச் சேனாவுக்கு நிழல் கொடுத்தது என்ற குற்றச்சாட்டை, பழைய வடமொழி நாடகத்துக் கதாநாயகியின் பெயரில் பொதிந்து வைத்தார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் ‘குறுகிய பிராந்தியவாதம்’ என்றன. எழுபதுகளின் கடைசியில் வந்த ஆய்வுகள் ‘மண்ணின் மைந்தர் இயக்கம்’ என்ற வகைக்குள் போட்டன.

ஐந்தும் ஒரே காலத்துப் பெயர்கள். ஒவ்வொன்றும் சேனாவின் ஒரு பக்கத்தைக் காட்டுகிறது, கூடவே சொன்னவர் நின்ற இடத்தையும் காட்டுகிறது. ‘பாசிஸ்ட்’ என்பதை எடுத்தாளும்போது ‘என்று கம்யூனிஸ்டுகள் அழைத்த’ என்ற மூன்று சொற்களை விட்டுவிட்டால், வசை வரலாறாக ஆகிவிடும். மறுபக்கம், ‘80 சதவீதம் சமூகப் பணி’ என்பதை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் விளம்பரம் ஆகிவிடும்.

சாக்கா பற்றி ஒரு வார்த்தை. ஆம்புலன்ஸ், ரேஷன் கார்டு, குடும்பச் சண்டை, ‘சால்’ எனும் வரிசைக் குடியிருப்பில் குழாய்த் தகராறு எல்லாம் அங்கே போகும். அரசு அலுவலகத்தில் மூன்று மாதம் அலைய வேண்டிய வேலை அங்கே ஒரு மாலையில் முடியும். இதைக் கண்ணால் கண்டவருக்கு ‘தீவிரவாதக் கட்சி’ என்ற செய்தி வேறு யாரையோ பற்றியது போலத் தோன்றும். பொதுமக்கள் மனப்பதிவும் பத்திரிகை அடைமொழியும் விலகிப்போக முதற்காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

சுவிட்சர்லாந்தோடு ஓர் ஒப்பீடு

கிருஷ்ணா தேசாய் கொலையான அதே வாரம், 1970 ஜூன் 7 அன்று, சுவிட்சர்லாந்தில் ஒரு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் வெளிநாட்டார் எண்ணிக்கை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஜெனிவாவுக்கு மட்டும் 25 என்பது ஜேம்ஸ் ஷ்வார்ட்சன்பாக் முன்வைத்த முன்மொழிவு. அங்கே ‘மதராசி’யின் இடத்தில் இருந்தவர்கள் இத்தாலியத் தொழிலாளிகள். 54 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்ததால் அது தோற்றது.

கோரிக்கை ஏறத்தாழ ஒன்று, காலம் ஒன்று. ஆனால் பாதை வேறு. சூரிச்சில் இருந்த இத்தாலியருக்கு வாக்கு இல்லை. தாராவித் தமிழருக்கு உண்டு. இந்திய அரசமைப்பின் 19ஆம் பிரிவு எங்கும் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. அரசு வேலைக்குக் குடியிருப்பை நிபந்தனையாக்கும் அதிகாரத்தை 16(3) நாடாளுமன்றத்துக்கு மட்டுமே கொடுக்கிறது. ஆகவே மும்பையில் ஒரு கட்சி எல்லையை மூட முடியாது, ஒதுக்கீட்டைச் சட்டமாக்கவும் எளிதில் முடியாது. ஹரியானா தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூராருக்கு என்று கொண்டுவந்த சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எனவே இங்கே மிச்சமிருப்பது தெருவும், கடைப் பலகையும், கம்பெனி வாசலும்தான். வங்கிகளிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் உள்ளூராரை எடுக்கச் சொல்லி நெருக்கிய சேனாவின் ‘ஸ்தானீய லோகாதிகார் சமிதி’ (உள்ளூர் மக்கள் உரிமைக் குழு) அப்படி வளர்ந்தது.

யாரை எதிர்க்கிறோமோ அவரே வாக்காளர் என்பதால்தான் சேனாவின் அடைமொழி இத்தனை முறை மாறியது. 1968 மாநகராட்சித் தேர்தலில் 42 இடம் கிடைத்தது. ஆனால் மராத்தி வாக்கு மட்டும் நகரத்தைப் பிடிக்கப் போதாது. எண்பதுகளின் நடுவில் கட்சி இந்துத்துவத்துக்குத் திரும்பியது. 1987 விலே பார்லே இடைத்தேர்தல் பிரச்சாரம் மத அடிப்படையில் வாக்குக் கேட்டதாக வழக்காகி, வென்றவரின் பதவியைப் பறித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1995இல் உறுதி செய்தது. பழைய ‘மதராசி’ இப்போது ‘இந்து’ ஆனார். எதிரியின் இடத்துக்கு முஸ்லிம் வந்தார். தமிழர் பார்வை இரண்டாகப் பிளந்தது இங்கேதான். ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் 1998 அறிக்கை, 900 பேர் இறந்த 1992–93 கலவரத்தில் சேனாவின் பங்கைப் பதிவு செய்தது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட அன்று தாராவியில் சேனாக்காரர்கள் நடத்திய சைக்கிள் ஊர்வலமும் அதில் இருக்கிறது. தமிழ் இந்து, தமிழ் முஸ்லிம் என்று தாராவி பிரிந்து நின்ற நாட்கள் அவை. ‘மும்பைத் தமிழர்கள் சேனாவை எப்படிப் பார்க்கிறார்கள்’ என்று ஒருமையில் கேட்பது அதற்குப் பிறகு தவறான கேள்வி.

2003இல் ‘மீ மும்பைக்கர்’ (நான் மும்பைக்காரன்) என்று எல்லோரையும் அணைக்க ஒரு முயற்சி நடந்தது. அதே ஆண்டு ரயில்வே வேலைத் தேர்வுக்கு வந்த வட இந்திய இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். 2006 மார்ச்சில் பால் தாக்கரேயின் தம்பி மகன் ராஜ் தாக்கரே பிரிந்து மகாராஷ்டிர நவநிர்மாண் சேனாவைத் தொடங்கி, 2008இல் உத்தரப் பிரதேச, பீகார் டாக்சிக்காரர்களையும் தேர்வு எழுத வந்தவர்களையும் குறிவைத்தபோது தமிழர் வேடிக்கை பார்ப்பவராகிவிட்டார். 2019இல் மும்பையின் வர்ளி தொகுதியில் ‘கேம் சோ வர்ளி’ (எப்படி இருக்கிறாய், வர்ளி) என்று குஜராத்தியில் பேனர் வைத்துப் போட்டியிட்ட ஆதித்ய தாக்கரே, தென்னிந்தியர் பகுதியில் லுங்கி கட்டிக்கொண்டு வாக்குக் கேட்டார். பால் தாக்கரேயின் பேரன். 53 ஆண்டில் வாக்குரிமை செய்த வேலை அது.

முத்திரை குத்தும் அதிகாரம் யாரிடம்

ஐரோப்பாவில் இதற்கு அலுவலகமே உண்டு. பிரான்சில் தேர்தல் முடிவுகளைத் தொகுக்க உள்துறை அமைச்சகம் கட்சிகளை வகைப்படுத்துகிறது. குடியேற்றத்தை எதிர்க்கும் தேசிய முன்னணி 2018இல் தேசியப் பேரணி என்று பெயரை மாற்றிக்கொண்ட பிறகும் ‘தீவிர வலது’ என்றே குறிக்கப்பட்டது. கட்சி வழக்குப் போட்டது. 2024 மார்ச்சில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அமைச்சகத்தின் பக்கம் நின்றது. அதே மாதம் பிரிட்டனில் நேர் எதிர்: ரிஃபார்ம் கட்சியைத் ‘தீவிர வலது’ என்று சொன்னதற்காக பிபிசி மன்னிப்புக் கேட்டது. ஜெர்மனியில் உளவு அமைப்பு படிப்படியாக ஏறுகிறது: ஆய்வுக்குரியது, சந்தேகத்துக்குரியது, உறுதியான தீவிரவாதம். 2025 மே தொடக்கத்தில், குடியேற்றத்தை எதிர்க்கும் ஏஎஃப்டி (‘ஜெர்மனிக்கான மாற்று’) கட்சிக்கு மூன்றாவது படியை அறிவித்தது. கட்சி நீதிமன்றம் போனதும் சில நாட்களில் அந்த அறிவிப்பை நிறுத்திவைத்தது.

இந்தியாவில் அப்படி யாரும் இல்லை. தேர்தல் ஆணையத்துக்குத் தெரிந்தது தேசியக் கட்சி, மாநிலக் கட்சி, பதிவு செய்த அங்கீகாரமற்ற கட்சி என்ற மூன்றுதான். அது வாக்கு எண்ணிக்கைக் கணக்கு, கொள்கை பற்றியதல்ல. ஆகவே ‘மாநிலக் கட்சி’ என்ற பையில் திமுகவும் சிவசேனாவும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்று மொழித் திணிப்பை எதிர்த்து வளர்ந்தது, மற்றொன்று பக்கத்து வீட்டுக்காரரை எதிர்த்து வளர்ந்தது என்பதை அந்தச் சொல் காட்டாது. இங்கே கொள்கைக்கு அடைமொழி கொடுப்பவர் பத்திரிகையாளர் மட்டுமே. அதனால் அவர் பொறுப்பும் அதிகம்.

தமிழில் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

‘மண்ணின் மைந்தர்’ என்பது ஆய்வாளருக்கு விமர்சனச் சொல். தமிழ்நாட்டுச் சுவரொட்டியில் அது பாராட்டு. ‘மண்ணின் மைந்தரே வருக’ என்று வேட்பாளரை வரவேற்கும் மொழியில், சேனாவை ‘மண்ணின் மைந்தர் கட்சி’ என்றால் வாசகர் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்வார். மராத்தியில் ‘பூமிபுத்ர’ என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் அதுதான். ‘உள்ளூராருக்கு வேலை கோரும்’ என்று கோரிக்கையை எழுதுவது நேரானது. ‘தீவிர வலதுசாரி’ 1966 சேனாவுக்குப் பொருந்தாது. அது வேலைக் கோரிக்கையோடு வந்தது, 1968இல் பிரஜா சோசலிஸ்டுகளோடு கூட்டு வைத்தது.

எதிர்க்கப்படுபவருக்கு என்ன பெயர் என்பது இன்னும் சிக்கல். ‘வந்தேறி’ வசை. ‘புலம்பெயர்ந்தோர்’ என்றால் நமக்கு ஈழத்து நினைவும் இரக்கமும் வரும். கேரளம் ‘அதிதி தொழிலாளி’ (விருந்தினர் தொழிலாளி) என்கிறது. ‘வெளிமாநிலத் தொழிலாளி’ எந்தச் சாயமும் இல்லாதது, தலைப்பில் நீளம் என்றாலும் அதையே எழுதலாம். ‘வடக்கன்’ என்று திருப்பூரிலும் சென்னையிலும் புழங்கும் சொல், வேலை செய்யும் விதத்தில் ‘மதராசி’யின் உடன்பிறப்பு. பீகாரி, ஒடியா, வங்காளி, அசாமியர் எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டுகிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவிப் பீதி கிளம்பியபோது, அந்தப் பொய் எளிதில் நம்பப்பட்டதற்கு இந்தச் சொல் ஏற்கெனவே தரை தோண்டி வைத்திருந்தது ஒரு காரணம். மும்பையில் பட்டதை மறக்காத சமூகம் இந்தச் சொல்லை எழுத்தில் அனுமதிக்கக் கூடாது.

நடைமுறையில் ஒரு செய்தியைத் திருத்தும்போது முதலில் அடைமொழியை அடித்துவிட்டு, கட்சி என்ன கேட்டது, யாருக்கு எதிராக, எந்த ஆண்டு என்று நிரப்பிப் பார்க்க வேண்டும். ‘வேலையில் 80 சதவீதம் மராத்தியருக்கு எனக் கோரி 1966இல் தென்னிந்தியருக்கு எதிராகத் தொடங்கப்பட்ட சிவசேனா’ என்பது நீளம்தான், ஆனால் யாரும் மறுக்க முடியாது. இடம் போதாத தலைப்பில் கட்சியின் பெயர் மட்டும் போதும், அடைமொழி வேண்டாம். வன்முறை நடந்திருந்தால் ‘ஆவேசம்’, ‘கொந்தளிப்பு’ என்று மழுப்பாமல் அடித்தார்கள் என்றே எழுத வேண்டும், ஆணையமோ நீதிமன்றமோ சொன்னதைச் சேர்த்து. பால் தாக்கரேயின் மகன் உத்தவ் தலைமையிலிருந்து ஏக்நாத் ஷிண்டே பிரிந்த 2022 ஜூன் பிளவுக்குப் பிந்தைய செய்தியில் வெறும் ‘சிவசேனா’ என்பது குழப்பும். தேர்தல் ஆணையத்தின் 2023 பிப்ரவரி 17 உத்தரவில் பெயரும் வில் அம்புச் சின்னமும் ஷிண்டே பக்கம் போயின. உத்தவ் தரப்பை ‘சிவசேனா (உத்தவ் பாலாசாகேப் தாக்கரே)’ என்ற முழுப் பெயரில் குறிக்க வேண்டும். பழைய சம்பவத்தை இரண்டில் ஒன்றின் தலையில் மட்டும் ஏற்றுவது பிழை.

இந்த முறையை 2025 ஜூலை 5 சோதித்துப் பார்த்தது. பள்ளிகளில் இந்தியை மூன்றாம் மொழியாக்கும் அரசாணைகளை மகாராஷ்டிர அரசு ஜூன் 29 அன்று திரும்பப் பெற்றதும், உத்தவும் ராஜும் பல ஆண்டுகளுக்குப் பின் வர்ளியில் ஒரே மேடை ஏறினார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதை வரவேற்றார். மறுநாள் தமிழ்ச் செய்திகளுக்கு ‘இந்தித் திணிப்பு எதிர்ப்பாளர்கள்’ என்ற புதிய அடைமொழி கிடைத்தது. அன்றைய மேடையின் கோரிக்கைக்கு அது சரி. அதே நாட்களில் மும்பைப் பகுதியில் மராத்தி பேச மறுத்ததாகக் கடைக்காரர்கள் அறையப்பட்டதையும் அந்தச் செய்தியிலேயே, அடுத்த பத்தியில், சேர்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை.